காகிதத்துல சேலம் ஜில்லான்னு இருக்கு, ஊரை எப்படிக் கண்டுபிடிக்கறது?

டிசம்பர் ஜனவரி ஆனா சேலம் பக்கம் இப்பல்லாம் ஒரு மாதிரி விருந்தாளிங்க வர்றாங்க. டர்பன்லேர்ந்து, மொரீஷியஸ்லேர்ந்து, மலேசியாவுல ஈப்போ, கிள்ளான் பக்கத்துலேர்ந்து. கையில ஒரு ஜெராக்ஸ் பேப்பர் இருக்கும், இல்லன்னா போன்ல ஒரு போட்டோ. எங்க தாத்தாவோட தாத்தா சேலம் ஜில்லாவாம், எந்த ஊருன்னு சொல்ல முடியுமான்னு கேப்பாங்க. நம்மாளுங்க உடனே திருப்பிக் கேக்கற கேள்வி, "நீங்க எந்த வகையறாங்க, குலசாமி எது?" அவ்ளோதான், அங்கயே பேச்சு நின்னு போயிடும். அவங்க கிட்ட நம்பர் இருக்கு, கப்பல் பேர் இருக்கு, எறங்கின தேதி இருக்கு, ஆனா வகையறா தெரியாது. நம்ம கிட்ட வகையறா இருக்கு, சாமி இருக்கு, காடு இருக்கு, ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரு எந்த தேதியில எங்க போனாங்கன்னு ஒரு வரி கூட எழுதி வெச்சதில்ல. வேர் தேடறதுங்கறது இந்த ரெண்டு பாதியையும் ஒட்ட வைக்கிற வேலைதான், இதுல இன்னிக்கு அதிகமா சுணங்கிக் கெடக்கறது அந்தப் பக்கம் இல்ல, நம்ம பக்கம்ங்கறது என்னோட அபிப்பிராயம்.

மொதல்ல அந்தப் பக்கத்துக் காகிதம் எப்படி வந்துச்சுன்னு பாப்போம். 1860 அக்டோபர்ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோன்னு ஒரு கப்பல் கிளம்பி நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்துச்சு, அதுல 342 பேர். அதுக்கப்புறம் 1911 வரைக்கும் நட்டாலுக்கு (தென்னாப்பிரிக்காவுல டர்பன் இருக்கற பகுதி) மட்டும் போன ஒப்பந்தக் கூலிங்க மொத்தம் 1,52,184 பேர், அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியா ஏறினவங்க. நம்ம சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, அப்புறம் ஆந்திராவுல விசாகப்பட்டினம் பக்கம், இங்கேர்ந்துதான் ஆளுங்க நிறைய போனாங்க. கரும்புக் காட்டுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம். சேலத்துக்கு ரயில் வந்ததும் கிட்டத்தட்ட இதே சமயம்தான், 1860-களோட தொடக்கத்துல, அதனால ஆள் பிடிக்கிற ஏஜெண்டுக்கு நம்ம ஊரு தூரமாத் தெரியல.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம். 1876லேர்ந்து 78 வரைக்கும். நம்ம வீட்டுல இன்னிக்கும் பெருசுங்க யாராவது கண்டபடி அள்ளிச் சாப்பிட்டா "தாது வருசத்துல பொறந்தவனாட்டம்" அப்படின்னு திட்டுவாங்களே அந்தப் பஞ்சம்தான். சேலம் ஜில்லாவோட ஜனத்தொகை 1871 கணக்குல சுமார் 19.67 லட்சம், பத்து வருஷம் கழிச்சு 1881-ல சுமார் 16 லட்சம். கூடியிருக்க வேண்டியது மூணரை லட்சத்துக்கு மேல கொறஞ்சு போச்சு, செத்தவங்கதான் அதுல அதிகம், மீதி ஊரை விட்டுப் போனவங்க. அந்த நேரத்துல, கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ஆளுங்களைத் தங்க வைக்கிற டிப்போவுல மூணு வேளை சோறு போடறான்னு கேள்விப்பட்டா எவன்தான் போகமாட்டான்?

இதுல ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா குழப்பம் கொறையும். நட்டாலுக்குக் கப்பல் 1866-ல நின்னுடுச்சு, திரும்ப 1874-லதான் ஆரம்பிச்சுது. அதனால "எங்க முப்பாட்டன் 1870-ல நட்டால் வந்தாரு"ன்னு குடும்பத்துல யாராவது சொன்னா, ஒண்ணு வருஷம் தப்பு, இல்லன்னா அவரு மொரீஷியஸ் போயிட்டு அங்கேர்ந்து வந்திருக்கணும். அப்படி வந்தவங்களும் உண்டு.

சரி அந்தக் கப்பல் லிஸ்ட்ல என்னதான் இருக்கும்? ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பொண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் இத்தனை அடி இத்தனை இஞ்ச், அப்புறம் உடம்புல அடையாளம். இந்தக் கடைசி கட்டம்தான் படிக்கறப்ப ஒரு மாதிரி ஆயிடும். இடது புருவத்துக்கு மேல தழும்பு, வலது கையில பச்சை, நெஞ்சுல மரு. ஒரு போட்டோ கூட இல்லாத மனுசனோட புருவத் தழும்பு நூத்தம்பது வருஷம் கழிச்சு அவரோட எள்ளுப்பேத்திக்குத் தெரியுது. அன்பா எழுதினது இல்ல, ஓடிப்போனா பிடிக்கறதுக்காக எழுதினது, அதையும் சொல்லிடணும். இன்னொண்ணு, பொம்பளைங்களுக்கும் தனி நம்பர், கைக்குழந்தைக்கும் தனி நம்பர். நம்ம ஊரு பக்கம் பட்டாவுலயும் பத்திரத்துலயும் பொம்பளை பேரு அவ்வளவா வராத காலத்துல, தனியாக் கப்பல் ஏறின ஒரு பொண்ணுக்கு அவ பேரும் அவ அப்பா பேரும் ஊரும் அந்த லிஸ்ட்ல இருக்கு. இந்த லிஸ்டெல்லாம் டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துல காந்தி-லுதூலி ஆவண மையம்னு ஒண்ணு, அவங்க இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி தேடற மாதிரி வெச்சிருக்காங்க.

இப்ப சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா, அந்தக் காகிதத்துல இருக்கற சேலம் இன்னிக்கு இருக்கற சேலம் இல்ல. அன்னிக்கு சேலம் ஜில்லான்னா ஓசூர்லேர்ந்து நாமக்கல் வரைக்கும். தர்மபுரி 1965-ல பிரிஞ்சுது, நாமக்கல் 1997-ல, கிருஷ்ணகிரி தர்மபுரியிலேர்ந்து 2004-ல. திருப்பத்தூர் தாலுகா கூட பழைய சேலம் ஜில்லாதான், 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல வட ஆற்காட்டுக்குப் போச்சு. அதனால சேலம்னு இருக்கேன்னு ஜங்ஷன்ல எறங்கி அஸ்தம்பட்டியில ரூம் போட்டு ரெண்டு நாள் சுத்தினா ஒண்ணும் கெடைக்காது, அவங்க ஊரு ஊத்தங்கரைக்குப் பக்கத்துல இருக்கும். ஜில்லா பேரை விட்டுட்டு தாலுகா பேரைப் பாருங்க, அதுதான் சாவி.

தாலுகா பேரும் சும்மா சொல்லிடாது. எழுதினவன் வெள்ளைக்காரன், இல்லன்னா டிப்போவுல இருந்த குமாஸ்தா, சொன்னவரு எழுதப் படிக்கத் தெரியாதவரு, காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினான். ஓமலூரை வோமலூர்னு எழுதியிருப்பான், ஓசூரை ஊசூர்னு எழுதியிருப்பான். தாலுகாவாவது நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரு, கிராமம்தான் கஷ்டம். பட்டி, பாளையம், ஊர், புரம்னு முடியற வால் மட்டும் நல்லாத் தெரியும், தலை சிதைஞ்சு போயிருக்கும். என்னோட வழி என்னன்னா அந்த ஸ்பெல்லிங்கை சத்தமா, வேகமா, நாலஞ்சு தடவை படிக்கறது, அப்புறம் அந்தத் தாலுகாவோட வருவாய் கிராம லிஸ்டை எடுத்து வெச்சுக்கிட்டு அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டறது. கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காததை தாரமங்கலம் பஸ்ல டிக்கெட் போடற கண்டக்டர் அரை நிமிஷத்துல சொல்லிடுவாரு. இதுலயும் ஒரு கண்டம் இருக்கு, மேட்டூர். 1925லேர்ந்து 34 வரைக்கும் டேம் கட்டி தண்ணி தேக்கினப்ப காவிரிக் கரையோரமா நிறைய ஊருங்க முழுகிப் போச்சு, தண்ணி கொறையறப்ப பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், பேப்பர்ல கூட படம் போடுவாங்க. 1890-ல அந்த மாதிரி ஒரு ஊர்லேர்ந்து கப்பலேறினவரோட கிராமம் இன்னிக்கு மேப்புலயே இருக்காது, அந்த சனம் எந்தெந்த மேட்டுல போய் உக்காந்துச்சுன்னுதான் விசாரிக்கணும்.

ஜாதிக் கட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. அதை அப்படியே நம்பாதீங்க. ஏஜெண்ட் எந்த ஜாதின்னா எடுத்துக்குவாங்கன்னு தெரிஞ்சு மாத்திச் சொல்லிக் குடுத்ததும் உண்டு, போறவங்களே பழசை விட்டுட்டுப் போகணும்னு மாத்திச் சொன்னதும் உண்டு. அதே மாதிரி அங்க இன்னிக்கு இருக்கற கவெண்டர், மூட்லி, படையாச்சி, பிள்ளேங்கற பேரை வெச்சு இங்க வந்து நேரா ஒரு சங்கத்து ஆபீஸ் கதவைத் தட்டினா பல சமயம் தப்பான வீட்டுக்குத்தான் போவீங்க. சில பேரு லிஸ்டைப் பாத்துட்டு நம்ம ஜாதி இது இல்லியேன்னு தேடறதையே நிறுத்திடறாங்க. அது அவங்கவங்க இஷ்டம், ஆனா அந்த லிஸ்ட் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

மத்த நாட்டுக் காகிதம் வேற வேற மாதிரி. மொரீஷியஸுக்கு 1834-லயே ஆரம்பிச்சிடுச்சு, போர்ட் லூயிஸ்ல அவங்க எறங்கின ஆப்ரவாசி காட் 2006-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு, ரெக்கார்டெல்லாம் மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல இருக்கு, கொஞ்சம் பிந்தி வந்தவங்க நிறைய பேருக்கு போட்டோவே இருக்கு. பிஜிக்கு நம்மாளுங்க போக ஆரம்பிச்சது 1903லேர்ந்து, 1916-ல நின்னுடுச்சு, சுவா காப்பகத்துல ஆளுக்கொரு பாஸ் இருக்கு.

மலேயாதான் உண்மையிலயே கஷ்டம், நம்ம சேலத்துக்காரங்களுக்கு அதுதான் அதிகம் வேண்டியதும். அங்க ஒப்பந்தக் கூலி முறை 1910-ல முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் கங்காணி ராஜ்ஜியம். எஸ்டேட்ல வேலை செய்யற ஒருத்தரே துரைகிட்ட லைசென்ஸ் வாங்கிட்டு சொந்த ஊருக்கு வந்து சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன்னு கூட்டிட்டுப் போவாரு, நாகப்பட்டினத்துலயோ ஆவடியிலயோ கேம்ப், அங்கேர்ந்து பினாங்கு. 1938-ல இந்திய சர்க்கார் இதை நிறுத்தினாங்க. நட்டால் மாதிரி புருவத் தழும்பு வரைக்கும் எழுதின லிஸ்டை இங்க எதிர்பார்த்துடாதீங்க, ஆனா கங்காணி முறையால ஒரு நல்லது இருக்கு: ஒரே ஊரு சனம் ஒரே எஸ்டேட்ல குவிஞ்சு கெடக்கும். அதனால பேராக்ல உங்க தாத்தா இருந்த எஸ்டேட்ல வேற எந்தெந்தக் குடும்பம் இருந்துச்சு, அவங்கள்ல யாருக்காவது ஊரு பேரு தெரியுமான்னு தேடுங்க. நம்ம வீட்டுக்குத் தெரியாதது பக்கத்து லயத்து வீட்டுக்குத் தெரியும். கங்காணி பேரு தெரிஞ்சா இன்னும் நல்லது, அவரோட ஊருதான் கிட்டத்தட்ட எல்லாரோட ஊரும்.

மலேயாக் குடும்பங்கள்ல கதை 1942-ல அறுந்து போயிருக்கும். அதுவரைக்கும் மணியார்டர் வந்துட்டிருந்துச்சு, ஜப்பான்காரன் வந்ததும் தபால் நின்னுடுச்சு. சயாம் மரண ரயில் போட இழுத்துட்டுப் போனதுல எஸ்டேட் தமிழங்க ஏகப்பட்ட பேரு திரும்பவே இல்ல. இங்க ஊர்ல இருந்த பொண்டாட்டி தாலியை அறுக்கறதா வெச்சுக்கறதான்னு தெரியாம வருஷக் கணக்கா இருந்திருக்காங்க. சண்டை முடிஞ்சு ரஜூலா கப்பல் மறுபடி ஓட ஆரம்பிச்சப்ப கொஞ்சம் பேரு வந்தாங்க, 1969-க்கு அப்புறம் வேலை பர்மிட் தகராறுல இன்னொரு கூட்டம் வந்துச்சு. அவங்க கொண்டு வந்த பழைய பாஸ்போர்ட், சிவப்பு ஐசி (அந்த நாட்டு அடையாள அட்டை), எஸ்டேட் பிறப்புப் பத்திரம் எல்லாம் இன்னும் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து வீட்டு ட்ரங்குப் பெட்டியில கெடக்கு, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இலங்கைத் தோட்டத்துக்குப் போனவங்க மண்டபம் கேம்ப் வழியா, துண்டுங்கற சீட்டோட போனாங்க. அங்கேர்ந்து திரும்பினவங்களுக்கு 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கறதுன்னு பேசி முடிச்சாங்க, அந்த சனத்துகிட்ட இதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கண்டியில வாங்கின இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெரியவங்க யாராவது பத்திரமா வெச்சிருந்தா அதைத்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணணும்.

இனிமே நம்ம பக்கம். நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு ஆரம்பத்துல சொன்னேனே, கவர்மெண்ட் காகிதத்துல தனி மனுசன் பேரு இல்லன்னுதான் அர்த்தம். கிராமம் தன்னோட கணக்கை வேற நோட்டுல வெச்சிருக்கு. அதுல மொதலாவது தலைக்கட்டு வரி நோட்டு. குலசாமி கோயில் நோம்பிக்கு ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இவ்வளவுன்னு வரி போடுவாங்க இல்ல, பெரியாண்டிச்சியோ முனியப்பனோ அங்காளம்மனோ எதுவா இருந்தாலும், அந்த வசூல் நோட்டுல பங்காளிங்க அத்தனை பேரும் அப்பா பேரோட வரிசையா இருப்பாங்க. வெளியூர் போய்ட்டவங்களுக்கும் வரி உண்டு, அதனால யாரு எந்த ஊருக்குப் பொழைக்கப் போனாங்கங்கறதும் ஓரத்துல எழுதியிருக்கும். பழைய நோட்டு பூசாரி வீட்டுப் பரண்ல இருக்கும், இல்லன்னா பெரிய தர்மகர்த்தா வீட்டு பீரோவுல. முப்பது நாப்பது வருஷத்து நோட்டை வரிசையா வெச்சுப் பாத்தா ஒரு தலைக்கட்டு எப்ப ரெண்டா உடைஞ்சுது, எந்த அண்ணன் தம்பி எப்ப தனியாப் போனாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும். எந்த ஜனத்தொகைக் கணக்கும் இவ்வளவு சரியா சொல்லாது.

ரெண்டாவது மொய் நோட்டு. என்னைக் கேட்டா நம்ம குடும்ப சரித்திரத்துல இதைவிடப் பெரிய ஆவணம் இல்ல. எங்க வீட்டுல அப்பாயி வெச்சிருந்த ஒரு நோட்டு, காக்கி அட்டை போட்டது, எங்க அத்தை கல்யாணத்துது, 1961. மொதப் பக்கத்துல மஞ்சள் தடவி பிள்ளையார் சுழி, அப்புறம் வரிசையா ஊரு பேரு, இனிஷியல், ஆளு பேரு, ரூபாய். வீராணம் இன்னார் 2 ரூபாய், அயோத்தியாப்பட்டணம் இன்னார் 1 ரூபாய், நடுவுல ஒரு வரியில "பித்தளைக் குடம் 1", அதுக்கு நேரா தாய்மாமன் பேரு. ஒரு பக்கத்துல மட்டும் எழுத்து மாறுது, எழுதிட்டிருந்தவரு சாப்பிடப் போயிருப்பாரு போல, வேற யாரோ பென்சில்ல எழுதியிருக்காங்க. அந்த நோட்டுல இருக்கற ஊருங்களை ஒரு மேப்புல புள்ளி வெச்சுப் பாத்தா நம்ம சாதி சனம் அன்னிக்கு எந்த எல்லைக்குள்ள பொண்ணு குடுத்து எடுத்துட்டிருந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி வந்துடும். காது குத்து, கருமாதி, கிரகப்பிரவேசம், எல்லாத்துக்கும் நோட்டு உண்டு, பல வீட்டுல மொய் செஞ்சு முடிச்சதும் நோட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க, அதுதான் சங்கடம்.

மூணாவது பத்திரம். ஈசி (வில்லங்கச் சான்று) போட்டா ஆன்லைன்ல ரொம்பப் பழசெல்லாம் வராது, அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துத் தேடணும், செலவும் அலைச்சலும் உண்டு. ஆனா ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் கெடைச்சா போதும், அப்பன் பேரு, தாத்தன் பேரு, அண்ணன் தம்பி அத்தனை பேரு, யாருக்கு எந்தக் காடு, கெணத்துல யாருக்கு எத்தனை முறை தண்ணின்னு எல்லாம் வந்துடும். கடல் தாண்டிப் போன தம்பியோட பங்கு என்ன ஆச்சுங்கறதும் சில பத்திரத்துல ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் டர்பன்ல இருக்கற கப்பல் நம்பரோட வந்து ஒட்டிக்கற எடம்.

பெருசுங்ககிட்ட கேக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு. எந்த வருஷம்னு கேட்டா சொல்லத் தெரியாது. மேட்டூர் டேம் கட்டறதுக்கு முன்னாடியா அப்புறமா, மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சாச்சா அப்ப, எம்ஜிஆர் மொதமொத முதலமைச்சர் ஆனப்ப உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டா டக்குனு வரும். இதுக்கெல்லாம் நமக்கு வருஷம் தெரியும், 1934, 1935, 1977. தமிழ் வருஷம் சொன்னா அறுபது வருஷத்துக்கு ஒருதரம் அதே பேரு வரும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கணும். ரத்தாட்சின்னா 1864-ஆ 1924-ஆ 1984-ஆ? ஜாதக நோட்டு இருந்தா அதுல ராகு கேது எங்க நிக்குதுன்னு பாருங்க. குருவும் சனியும் அறுபது வருஷத்துல கிட்டத்தட்ட அதே ராசிக்குத் திரும்பிடும், அதை வெச்சு வித்தியாசம் தெரியாது, ராகு அப்படித் திரும்பாது. ஜோசியத்துல நம்பிக்கை இருக்கோ இல்லியோ, தேதி கண்டுபிடிக்க ஜாதகம் மாதிரி ஒண்ணு கெடையாது. அப்புறம், ஆம்பளைங்க பங்காளி வரிசையை மட்டும்தான் சொல்வாங்க, பொம்பளைங்கதான் எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்குப் பொண்ணு போச்சுன்னு ரெண்டு பக்கமும் சொல்வாங்க. அப்பாயிகிட்ட ஒரு நாளு, அம்மாயிகிட்ட ஒரு நாளுன்னு தனித்தனியா உக்காருங்க, ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சா சண்டைதான் ரெக்கார்ட் ஆகும்.

வெளிநாட்டுக்காரங்களைப் பத்தியே பேசறோம், சேலமே பாதி வந்தேறி ஊருதான். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை பக்கம் தறி ஓட்டற வீடுங்கள்ல சௌராஷ்டிரம் பேசறவங்க குஜராத்லேர்ந்து விஜயநகரம் வழியா வந்தவங்க, தேவாங்கர் வீட்டுல கன்னடமோ தெலுங்கோ பேசுவாங்க. ஏற்காட்டுல மலையாளி சனத்துக்கு (கேரளாக்காரங்க இல்ல, மலைவாழ் சனம்) சொந்தக் கதை ஒண்ணு இருக்கு, காஞ்சிபுரத்துலேர்ந்து அண்ணன் தம்பி மூணு பேரு கிளம்பி வந்தாங்க, மூத்தவரு சேர்வராயன் மலையில தங்கிட்டாரு, மத்த ரெண்டு பேரு கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனாங்கன்னு. கப்பல் லிஸ்டும் இல்ல, பத்திரமும் இல்ல, ஆனா எத்தனையோ தலைமுறையா சொல்லிச் சொல்லி அழியாம வெச்சிருக்காங்க.

அதே மலையில இன்னொரு கணக்கையும் பாருங்க. 1820-கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டுல காபி வெச்சாரு, அப்புறம் வரிசையா எஸ்டேட்டுங்க வந்துச்சு. அந்த துரைங்க வீட்டுல ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எது நடந்தாலும் சர்ச் ரெஜிஸ்டர்ல ஏறி, அதோட காப்பி லண்டன் போச்சு, இன்னிக்கும் பிரிட்டிஷ் லைப்ரரியில மெட்ராஸ் சர்ச் ரெக்கார்டுன்னு தனி வரிசையா இருக்கு. அவங்க பேரன் பேத்திங்க வீட்டுல உக்காந்தே தேடிக் கண்டுபிடிச்சுட்டு, ஏற்காட்டுக்கு நேரா கல்லறையைப் பாக்கத்தான் வர்றாங்க. அந்தக் காபிச் செடியை நட்டவங்க பேரு எஸ்டேட் செக்ரோல்ல (கூலிக் கணக்கு நோட்டு) மட்டும்தான் இருந்துச்சு, கூலி குடுத்து முடிச்சப்புறம் அதை யாரு வெச்சிருக்கப் போறாங்க. அதுவும் மலை மேல ஈரத்துல.

ஊரைக் கண்டுபிடிச்சாச்சு, பங்காளி வீட்டையும் கண்டுபிடிச்சாச்சுன்னே வைங்க. அங்க போனா வரவேற்பு ஒரு மாதிரி இருக்கும். டீ குடுப்பாங்க, உக்காரச் சொல்வாங்க, ஆனா பேச்சு குடுக்க மாட்டாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணுதான், காட்டுல பங்கு கேக்க வந்திருக்கானோங்கற பயம். அதுவும் கையில பத்திர நகல் வெச்சிருந்தா கேக்கவே வேண்டாம். அதனால மொதல்ல சாமி கும்பிட வந்தேங்கன்னு ஆரம்பிங்க, கோயிலுக்கு ஒரு மணியோ குத்துவிளக்கோ வாங்கி வைங்க, பத்திரத்தைப் பையை விட்டு வெளியவே எடுக்காதீங்க. ஊர்ல மரியாதையா இருக்கற ஒரு பெரியவரைக் கூட கூட்டிட்டுப் போங்க. ரெண்டாவது தரம் போறப்ப அவங்களே பழைய போட்டோவை எடுத்து வெளிய வைப்பாங்க.

டிஎன்ஏ டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடாதான்னு நிறைய பேரு கேக்கறாங்க. நம்ம விஷயத்துல அது கொஞ்சம் ஏமாத்தும். அக்கா மகளைக் கட்டறது, மாமன் மகளைக் கட்டறது, அதையே தலைமுறை தலைமுறையா ஒரு வட்டத்துக்குள்ள செய்யறதுன்னு இருந்ததால தூரத்துச் சொந்தம் கூட டெஸ்ட்ல கிட்டத்துச் சொந்தம் மாதிரி காட்டும். சொந்தம் இருக்குன்னு தெரியும், எத்தனாவது தலைமுறையில பிரிஞ்சுதுன்னு நம்பிச் சொல்ல முடியாது. அதுவும் இங்க ஊர்ல இருக்கற பங்காளி எவனும் டெஸ்ட் எடுத்திருக்க மாட்டான், அப்புறம் யாரோட பொருத்திப் பாக்கறது.

ஓசிஐ கார்டுக்காக (வெளிநாட்டுல இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) தேடறவங்களும் உண்டு. பொதுவா கொள்ளுப்பேரன் வரைக்கும்தான் செல்லும், நட்டால் குடும்பங்க இப்ப அஞ்சு ஆறு தலைமுறை ஆயிடுச்சு. மொரீஷியஸ்காரங்களுக்கு 2024-ல ஏழாவது தலைமுறை வரைக்கும் தனியா சலுகை அறிவிச்சாங்க.

கெடைச்சதை வெச்சுக்கற விஷயத்துல நம்மாளுங்க செய்யற கொடுமை லேமினேஷன். பழைய காகிதத்தை சூட்டுல போட்டு பிளாஸ்டிக்ல ஒட்டிட்டா அதுக்கப்புறம் பிரிக்கவே முடியாது, உள்ளயே பழுப்பாகும். செல்லோ டேப்பும் வேண்டாம். ஸ்கேன் பண்ணி, நல்ல வெள்ளைக் காகித உறையில போட்டு, தரையில படாத மாதிரி பீரோவுல வைங்க, ஏற்காட்டுல இருக்கறவங்க சமவெளியில இருக்கற சொந்தக்காரங்க வீட்டுல ஒரு செட் வைங்க, பனிக்காலத்துல பூஞ்சை போட்டோவைத் தின்னுடும். போட்டோவுக்குப் பின்னாடி யாரு என்னங்கறதை பென்சில்ல மெதுவா எழுதுங்க, பால்பாயிண்ட் அழுத்தினா முன்பக்கம் முகத்துல தடம் விழும். வாட்ஸ்அப்ல அனுப்பறப்ப போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா மொய் நோட்டுல இருக்கற பென்சில் எழுத்து எல்லாம் மங்கிடும். இண்டர்நெட்ல குடும்ப மரம் போடறவங்க உயிரோட இருக்கறவங்க பொறந்த தேதியையும் அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரையும் பொதுவுல போடாதீங்க, பேங்குல பாஸ்வேர்டு மறந்தா கேக்கற கேள்வியே அதுதான்.

தலைக்கட்டு வரி நோட்டை போட்டோ எடுக்கணும்னு நினைக்கறவங்க ஆடி நோம்பி சமயத்துல போய்க் கேக்காதீங்க, வசூல் ஓடிட்டிருக்கும், கணக்கு கேக்க வந்துட்டான்னு நெனச்சுக்குவாங்க. நோம்பி முடிஞ்சு, கணக்கு படிச்சு, கெடா விருந்தும் முடிஞ்சு ஒரு வாரம் போகட்டும், பூசாரி வீட்டுல அப்ப எல்லாரும் ஓய்வா இருப்பாங்க.